முதல் 60 அடி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

நின்ற இடத்திலிருந்து காரை வேகமாகக் கிளப்புவது, அதாவது ஓட்டத்தின் முதல் 60 அடி பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நேர்கோட்டு ஓட்டத்தில் பல வருடம் கார் ஓட்டியவன், அப்புறம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது பின்சக்கர இயக்கம். மேனுவல் கியர், டர்போ எஞ்சின், 400 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ட்ராக்கில் 4,500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிளட்சை விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைகிறது. 2,000 ஆர்பிஎம்மில் விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடப் பார்க்கிறது. என் நண்பனின் கார் என்னுடையதைவிடச் சக்தி குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவன்தான் முன்னால் போகிறான். எத்தனை ஆர்பிஎம்மில் விட்டால் சரியாக வரும்?

பதில்: இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். நான் ஓட ஆரம்பித்த முதல் வருடம் அது. தொடர்ந்து நான்கு ஓட்டங்கள் தோற்றிருந்தேன். எங்கள் காரைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். எத்தனை ஆர்பிஎம் என்று அவரைக் கேட்டேன். பதில் சொல்லாமல் என்னைக் கிளம்பும் கோட்டுக்குக் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொன்னார். என் பாதையில் தார் பூசியதுபோல இரண்டு கறுப்புக் கோடுகள், ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு. "இது நீ இங்க விட்டுட்டுப் போன ரப்பர்" என்றார். பக்கத்துப் பாதையில் என்னை ஜெயித்தவனின் தடத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மெல்லிய தடம். வெயிலுக்கு எதிராகத் தலையைச் சாய்த்தால்தான் தெரிந்தது. "அவன் இதுல போயிருக்கான். நாளைக்கு எனக்கு இந்த நிறம் வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆர்பிஎம் எத்தனை என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் காருக்கு அதைப் போட்டுக் காட்டுகிறேன். எடை 1,500 கிலோ, முன்னும் பின்னும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, கடைசி விகிதம் 3.7, டயரின் ஆரம் 32 சென்டிமீட்டர். இந்த வகைக் கார்களில் எண்கள் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

எஞ்சினின் 400 நியூட்டன் மீட்டர் இந்த இரண்டு விகிதங்களாலும் பெருகிச் சக்கரத்துக்கு வரும்போது 5,180 ஆகிவிடும். அதை ஆரத்தால் வகுத்தால், டயர் தரையைத் தள்ள முயலும் விசை சுமார் 16,000 நியூட்டன். இனி டயர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். கார் நிற்கும்போது பின்சக்கரங்கள் மேல் 750 கிலோ. முடுக்கும்போது எடை பின்னால் சாயும். புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும், சக்கர இடைவெளி 2.6 மீட்டராகவும் இருந்தால், நல்ல கிளம்பலில் இன்னும் 180 கிலோ பின்னால் வந்து உட்காரும். ஆக 930 கிலோ. உலர்ந்த தாரில் நல்ல டயரின் உராய்வுக் கெழுவை, அதாவது பிடிப்பின் அளவை, 1 என்று எடுத்துக்கொண்டால் அந்த டயர்கள் தாங்குவது 9,100 நியூட்டன்தான். எஞ்சின் தருவதோ 16,000.

அதாவது கிளம்பும் நேரத்தில் உங்கள் 400 நியூட்டன் மீட்டரில் 225 மட்டும்தான் காரை நகர்த்தப் பயன்படும். மீதி முழுவதும் புகையாகிவிடும். உங்கள் நண்பனின் காரில் 250 இருந்தால்கூட முதல் கியரில் அவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசமே கிடையாது. தன்னிடம் இருப்பதை அவன் ஒழுங்காகக் கொடுக்கிறான், அதனால் முன்னால் போகிறான்.

ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. சக்கரம் சுற்றும் வேகம் காரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்போதுதான் அது உச்சப் பிடிப்பைத் தரும். உலர்ந்த தாரில் சாலை டயருக்கு அந்தக் கூடுதல் சுமார் 10 முதல் 15 சதவீதம். சறுக்கலே இல்லாவிட்டால் பிடிப்பில் ஒரு பங்கை எடுக்காமலே விட்டுவிடுகிறீர்கள். சறுக்கல் அந்த அளவைத் தாண்டினால் பிடிப்பு இறங்க ஆரம்பிக்கிறது, ரப்பரும் சூடாகி மேற்பரப்பு வழவழக்கிறது. பெரியவர் கேட்ட அந்தச் சாம்பல் நிறம் இந்த 10, 15 சதவீதத்தின் தடம்தான்.

இப்போது 4,500 ஆர்பிஎம்மைப் பாருங்கள். உங்கள் காரில் முதல் கியரில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சக்கரம் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். 4,500-இல் கிளட்ச் முழுவதும் பிடித்துவிட்டால் சக்கரத்தின் வேகம் 42 கிலோமீட்டர், காரின் வேகம் பூஜ்யம். இந்த இடைவெளியை எந்த டயராலும் தாங்க முடியாது. போதாததற்கு, கிளட்சைச் சட்டென்று விடும்போது எஞ்சினின் டார்க்கோடு, வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) சேர்ந்திருந்த ஆற்றலும் ஒரே அடியாக டயரில் இறங்கும். 2,000 ஆர்பிஎம்மில் இதற்கு நேர்மாறு. டர்போ இன்னும் காற்று அடைக்க ஆரம்பித்திருக்காது. டயர் பிடித்துக்கொள்ளும், எஞ்சினிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் திணறுகிறது.

இரண்டுக்கும் நடுவில் வழி காட்டுவது உங்கள் இடது கால். கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும் வரையில் சக்கரத்துக்கு எவ்வளவு டார்க் போகிறது என்பதை அதன் அழுத்தம்தான் முடிவு செய்கிறது, எஞ்சின் அல்ல. இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ஆக்சிலரேட்டர்தான் பிடிப்பைக் கட்டுப்படுத்துகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது முதல் ஒரு நொடிக்கு அப்புறம்தான் உண்மை.

செய்முறைக்கு வருவோம். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கிற இடம் வரை மெல்லத் தூக்குங்கள். காரின் பின்பக்கம் லேசாக அமுங்கும். கியர், ஷாஃப்ட், இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் எல்லாவற்றிலும் இருக்கும் தளர்வு அப்போது இழுபட்டு இறுகியிருக்கும். அந்தத் தளர்வோடு கிளம்பினால் டயருக்கு முதலில் கிடைப்பது சுத்தியல் அடி. எஞ்சினை 3,000 பக்கம் நிறுத்திக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், கிளட்சை இன்னும் ஒரு விரல்கடை தூக்குங்கள், அங்கே நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் எல்லோருக்கும் வராத விஷயம். கால் தானாக மேலே வரத் துடிக்கும், விடாதீர்கள். உங்கள் காரில் 3,000 ஆர்பிஎம் என்றால் சக்கரத்தில் மணிக்கு 28 கிலோமீட்டர். டயரின் எல்லையில் முடுக்கினால் கார் அந்த வேகத்தை எட்டச் சுமார் 1.3 நொடி ஆகும், தூரம் ஐந்து மீட்டர். அந்த ஒன்றேகால் நொடிக்கு பாதி கிளட்சில் பொறுமையாக இருந்து, இரண்டு வேகங்களும் நெருங்கும்போது முழுவதும் விடுங்கள். வலது கால் அதுவரை பாதி மிதியில் இருக்கட்டும், அப்புறம் கார் வேகம் எடுக்க எடுக்கக் கூட்டுங்கள்.

3,000 என்பது தொடங்குவதற்கான எண் மட்டுமே. இறங்கிப்போய்த் தடத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் 200 குறையுங்கள், அல்லது கிளட்சை இன்னும் நிதானமாக விடுங்கள். தடமே இல்லாமல் எஞ்சின் சத்தம் அமுங்கிப்போனால் 200 கூட்டுங்கள். காலையில் ஒரு எண், தரை சூடான மதியத்தில் வேறொரு எண். அதனால்தான் பெரியவர் சொல்லவில்லை.

கேள்வி: தடத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள். என் காரில் ஒரே ஒரு சக்கரம்தான் கோடு போடுகிறது. இன்னொரு டயர் புதிது மாதிரியே இருக்கிறது.

பதில்: உங்களுடையது சாதாரண டிஃப்ரன்ஷியல். அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சம டார்க்தான் தரும். பிடிப்பு குறைந்த சக்கரம் சுற்ற ஆரம்பித்தால், அது எவ்வளவு குறைவாகத் தாங்குகிறதோ அதே அளவுதான் மற்ற சக்கரத்துக்கும் கிடைக்கும். நல்ல டயர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே விறைப்பான ஆக்சில் இணைக்கும் பழைய பாணிக் கார் என்றால் பெரும்பாலும் வலது பின்சக்கரம்தான் சுற்றும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் திருகும் திருகில் ஆக்சிலின் வலது பக்கம் மேலே தூக்கப் பார்க்கும், அந்தப் பக்கத்து எடை குறையும். ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிவிடாமல் கட்டுப்படுத்தும், எல்எஸ்டி என்று சொல்லும் டிஃப்ரன்ஷியல் போடுவதுதான் தீர்வு. சக்தியைக் கூட்டச் செலவு செய்ய நினைப்பவர்களிடம், முதல் செலவு டயர், இரண்டாவது எல்எஸ்டி, அதற்கு அப்புறம்தான் எஞ்சின் என்று நான் எப்போதும் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: முன்சக்கர இயக்கமுள்ள ஹாட் ஹேட்ச் (சக்தி கூடிய சிறிய கார்) வைத்திருக்கிறேன். கிளம்பும்போது முன்பக்கம் தடதடவென்று குதிக்கிறது, ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் குதிப்பு. தயவுசெய்து அதோடு மல்லுக்கட்டாதீர்கள். குதிக்க ஆரம்பித்த நொடியே காலை எடுங்கள். டயர் பிடிக்கும்போது சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களும், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டுகளும் ஸ்பிரிங் மாதிரி முறுக்கேறுகின்றன. டயர் வழுக்கினால் அந்த முறுக்கு விடுபடுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி விடுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இது நடக்கும். ஒவ்வொரு பிடிப்பும் டிரைவ் ஷாஃப்டுக்கு ஒரு அடி. நான் ஒருமுறை, இன்னும் இரண்டு மீட்டர் போனால் சரியாகிவிடும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலது ஷாஃப்ட் இரண்டாக முறிந்து, கியர்பாக்ஸ் ஆயில் ட்ராக் முழுவதும் சிந்திவிட்டது. அன்றைக்கு எனக்குப் பின்னால் ஓட வேண்டியவர்கள் எல்லோரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஷாஃப்ட் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது. இறுக்கமான புஷ்கள், இறுக்கமான எஞ்சின் மவுன்ட்டுகள் போட்டால் குதிப்பு பெருமளவு அடங்கும். வீட்டுக்குப் போகும் வழியில் அதிர்வு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அது அதற்கான விலை.

இனி முன்சக்கரக் காரின் இயல்பைப் பற்றி. பின்சக்கரக் காருக்குத் துணையாக வருகிற எடைச் சாய்வு உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. முன்னால் 60 சதவீத எடை இருந்தாலும், கிளம்பியதும் அது 50 பக்கம் இறங்கிவிடும். மேலே போட்ட அதே அளவுகளை வைத்துக்கொண்டால், முன்சக்கரக் காரின் உச்ச முடுக்கம் சுமார் 0.5 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), பாதிப் பாதி எடையுள்ள பின்சக்கரக் காருக்கு 0.62 ஜி, பின்னால் எஞ்சின் வைத்து 60 சதவீத எடை அங்கே இருந்தால் 0.74 ஜி, நான்கு சக்கரமும் இழுத்தால் 1 ஜி. பிடிப்பு ஒன்றையே எல்லையாக எடுத்துக்கொண்டால், பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இவை முறையே 5.6, 4.6, 3.8, 2.8 நொடிகள். எத்தனை குதிரைத்திறன் ஏற்றினாலும், அதே டயரில் அதே தரையில் இந்த எல்லை நகராது.

ஆகவே உங்கள் வேலை, முன்பக்கம் தூக்குவதைத் தாமதப்படுத்துவது. பின் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும், பின்பக்கம் உட்காராது. முன் ஷாக் அப்சார்பர் நீளும் திசையில் இறுக்கமாக இருக்கட்டும். எல்எஸ்டி உங்களுக்கு மற்ற எல்லோரையும்விட அவசியம். ஆனால் அது வந்தபின் ஸ்டியரிங் இழுப்பு கூடலாம், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கிளட்சை விடுவதில் பின்சக்கரக்காரர்களைவிட இன்னும் ஒரு படி நிதானம் தேவை. உங்களுக்குக் கிளம்பும்போதுதான் பிடிப்பு குறைகிறது, அவர்களுக்குக் கூடுகிறது.

கேள்வி: ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டுமா?

பதில்: மழை ஈரத்தில் வழுக்காமல் வீடு சேர்ப்பதற்காக அமைத்த ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், சிறு சறுக்கலுக்கும் எஞ்சினை அமுக்கி பிரேக்கைப் பிடிக்கும். அது உங்களுக்கு வேண்டிய 10 சதவீதத்தைக்கூடத் தராது. ஸ்போர்ட், ட்ராக் என்று இடைப்பட்ட நிலை இருந்தால் அதில் வையுங்கள். முழுவதும் அணைப்பது, கார் பக்கவாட்டில் திரும்பினால் பிடிக்கத் தெரிந்த பிறகு.

கிளம்புவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும் லாஞ்ச் கன்ட்ரோல் இருந்தால் பயன்படுத்துங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபார்முலா 1-இல் 2001-ஆம் ஆண்டு ஸ்பானிஷ் கிராண்ட் ப்ரீயிலிருந்து அதை அனுமதித்தார்கள். 2004-இல் லாஞ்ச் கன்ட்ரோல் தடையானது, 2008-இல் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் போனது. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் திரும்பவும் கிளட்ச் பிடிக்கிற இடத்தை விரல் நுனியில் தேட வேண்டியதாயிற்று. சிவப்பு விளக்குகள் அணைந்த மறுகணம் முதல் வரிசையில் இருப்பவர் பின்தங்கிப்போவதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கே அது கஷ்டம். உங்களுக்குப் பத்தில் மூன்று முறை சரியாக வந்தால் நீங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கார். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்துக் கிளம்பலாமா?

பதில்: கையேட்டில் வேண்டாம் என்று இல்லாவிட்டால் செய்யலாம், இரண்டு மூன்று நொடிக்குமேல் கூடாது. அந்த நேரத்தில் எஞ்சினின் சக்தி முழுவதும் கியர்பாக்ஸ் ஆயிலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டர் நின்ற நிலையில் டார்க்கை ஏறத்தாழ இரண்டு மடங்குவரை பெருக்கித் தரும் என்பதையும் மறக்காதீர்கள். பிரேக்கை விடும்போது முழு மிதியில் இருந்தால் டயர் சுற்றிவிடும். பிரேக்கை விட்ட பிறகு மிதியைக் கூட்டுங்கள்.

2017-இல் அறிமுகமான டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமன், ட்ரான்ஸ்பிரேக் என்ற ஏற்பாட்டோடு வந்தது. கியர்பாக்ஸே தன்னைப் பூட்டிக்கொண்டு, சக்கர பிரேக் இல்லாமல் காரை நிறுத்திவைக்கும். அதன் டிராக் (நேர்கோட்டு ஓட்ட) நிலையில் முன் ஷாக் அப்சார்பர்கள் நீளும் திசையில் மென்மையாகிவிடும், மூக்கு சட்டென்று எழும்பி எடை பின்னால் போவதற்காக. முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும் அளவுக்கு அது வேலை செய்தது. மேலே ஹாட் ஹேட்ச்காரருக்கு நான் சொன்னதற்கு நேர் எதிர் பாருங்கள். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே தலைகீழாகும்.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம்? கிளம்புவதற்கு முன் டயரைச் சுற்றிச் சூடாக்க வேண்டுமா?

பதில்: ஒரு பின்டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர், விரித்த உள்ளங்கை அளவு. காற்றைக் குறைத்தால் அது சற்று நீளும். நேர்கோட்டு ஓட்டத்துக்கான வழவழப்பான, பள்ளம் வெட்டாத டிராக் ஸ்லிக் டயரில் இதன் பலன் அபாரம். அதன் பக்கச்சுவர் மெல்லியது. கிளம்பும் அடியைப் பக்கச்சுவர் சுருங்கி வாங்கிக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். நேர்கோட்டு ஓட்டத்தின் மிக வேகமான வகையான டாப் ஃப்யூல் கார்கள் 10 பிஎஸ்ஐக்கும் கீழே வைத்து ஓடுகின்றன. உங்கள் சாலை டயரின் பக்கச்சுவர் குட்டையானது, விறைப்பானது. 2, 3 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள், அதுவும் இழுக்கும் சக்கரங்களில் மட்டும். அதற்குக் கீழே போனால் நடுப்பகுதி உள்வாங்கி ஓரங்கள் மட்டும் உழைக்கும், கார் பக்கவாட்டில் ஆட்டம் காணும். ட்ராக்கைவிட்டுக் கிளம்பும்முன் காற்றைத் திரும்ப நிரப்புங்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சூடாக்குவது ஸ்லிக்குக்கும், ஓட்டத்துக்கான மென்மையான ரப்பர் கொண்ட டிராக் ரேடியலுக்கும் தேவை. சாலை டயரை இரண்டு நொடி சுற்றி, ஒட்டிய மணலையும் பொடிக்கல்லையும் உதறினால் போதும். அதற்குமேல் சுற்றினால் மேற்பரப்பு பிசுபிசுத்து வழுக்கும். கோட்டுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிய இடம் இருந்தால் கோடு வெட்டிய டயர்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். பள்ளங்களில் தேங்கும் தண்ணீர் கிளம்பும் கோடுவரை வந்து, சரியாக நீங்கள் நிற்கும் இடத்தில் சொட்டும். கோடைக்கால ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துப்போகும். அந்தக் குளிரில் நேரம் எடுக்க முயல வேண்டாம்.

கேள்வி: நிறுவனம் 4.8 நொடி என்று சொல்கிறது. நான் நன்றாகக் கிளம்பினாலும் ஜிபிஎஸ் கருவி 5.1 காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். நேர்கோட்டு ஓட்ட ட்ராக்கில் கார் சுமார் ஒரு அடி நகர்ந்து ஒளிக்கதிரைவிட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சில நிறுவனங்களும் பத்திரிகைகளும் அந்த முதல் அடியைக் கழித்துவிட்டுத்தான் நேரம் சொல்கின்றன. 0.6 ஜி முடுக்கத்தில் முதல் அடியைக் கடக்க 0.3 நொடி ஆகும். உங்கள் வித்தியாசம் அதேதான். கருவியின் அமைப்பில் அந்த ஒரு அடியைக் கழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஊருக்கு வெளியே இரவில் காலியாக இருக்கும் சாலையில் நானும் நண்பர்களும் இதைப் பழகுகிறோம். பாதுகாப்பாகத்தான் செய்கிறோம்.

பதில்: செய்யாதீர்கள் தம்பி. ட்ராக்கில் தரையைப் பெருக்கி, பசைபோன்ற கலவை தெளித்து, ரப்பர் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தடுப்பு, பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். சாலையில் தூசி, டீசல் சிந்திய கறை, வெள்ளைக் கோட்டுப் பெயின்ட். ஒரு பின்சக்கரம் தாரிலும் இன்னொன்று பெயின்ட் கோட்டிலும் இருக்கும்போது 400 நியூட்டன் மீட்டரை இறக்கினால் கார் எந்தப் பக்கம் போகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. விளக்கில்லாமல் ஒருவர் சைக்கிளில் வரலாம். நான் இந்தப் பத்தியில் சொல்லும் எதையும் பொதுச்சாலையில் செய்து பார்ப்பதாக இருந்தால் நான் எழுதாமலே இருந்திருப்பேன்.

கேள்வி: மின்சாரக் காரில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. மிதித்தால் போய்விடுகிறது. இனி இந்தத் திறமைக்கு வேலை உண்டா?

பதில்: மின்மோட்டாரின் டார்க்கைச் சில மில்லி நொடிகளில் ஏற்றி இறக்கலாம். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போய் எரிந்து வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் மின்சாரக் காரின் கணினி, டயரை அந்த 10, 15 சதவீதச் சறுக்கலிலேயே கட்டிப்போட்டு வைக்கும். எந்த மனிதக் காலாலும் அவ்வளவு நுட்பமாகச் செய்ய முடியாது என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். நான்கு சக்கர மின்சாரக் காரில் முதல்முறை கிளம்பியபோது தடத்தைப் பார்க்க இறங்கினேன். சாம்பல் நிறம், நான்கு டயருக்கும் ஒரே மாதிரி. பெரியவர் இருந்திருந்தால் அரை மணி நேரமாவது அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஆனாலும் எல்லை டயரிடமும் தரையிடமும்தான் இருக்கிறது. கெழு 1 உள்ள தரையில் 2.8 நொடிக்குக் கீழே எந்தக் கணினியாலும் போக முடியாது. அதற்குக் கீழே சொல்லும் நேரங்கள் அதைவிட ஒட்டும் டயரிலோ, பசை தெளித்த தரையிலோ, முதல் அடியைக் கழித்தோ எடுத்தவை. பழைய டயரோடு, ஈரத் தரையில், தவறான காற்றழுத்தத்தில் மின்சாரக் காரும் தாமதமாகத்தான் போகும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கு இந்தப் பாடம் வேண்டும்.

கேள்வி: என் முதல் ட்ராக் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மேனுவல் கார். எதைப் பழகிக்கொண்டு வரட்டும்?

பதில்: கிளட்ச் பிடிக்கிற இடத்தை மட்டும். சமதளமான தனி இடத்தில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் தூக்கிக் காரை நகர்த்துங்கள். நாளுக்குப் பத்து முறை. இந்த இரண்டு வாரத்தில் உங்கள் பாதத்துக்கு அந்த இடம் மனப்பாடமாகிவிடும். செருப்பு வேண்டாம், மெல்லிய அடியுள்ள ஷூ போடுங்கள், தடித்த அடியில் எதுவும் தெரியாது.

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிளம்பிய ஆர்பிஎம், டயர் அழுத்தம், வெயில், தடத்தின் நிறம், முதல் 60 அடி நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். 60 அடி என்பது 18 மீட்டர்தான். ஆனால் அங்கே மிச்சம் பிடித்த 0.1 நொடி, கால் மைல் ஓட்டத்தின் முடிவில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்பது ஓட்டுநர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. கடைசி வேகத்தை யாரும் பார்க்கச் சொன்னாலும் முதல் நாள் பார்க்காதீர்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

கிளட்ச் கருகும் வாசனை வந்தால் அடுத்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். எஞ்சினை அணைக்காமல், கிளட்சை மிதிக்காமல் நியூட்ரலில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் கோட்டுக்குப் போய் மற்றவர்களின் தடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.